வலை அறுத்தும் போகாத மீன்கள்

போன வாரம் வண்ணாரப்பேட்டையில் பல் மருத்துவரைப் பார்க்கப் போயிருந்தேன். காத்திருக்கும் அறையில் ஒரு கண்ணாடித் தொட்டி. உள்ளே இருந்த மீன்கள் எல்லாம் ஒரே மூலையில், ஒரே பக்கம் பார்த்து நின்றன. என் முறை வருவதற்கு முன்பே எழுந்து வெளியே வந்துவிட்டேன். பல் வலி அப்படியேதான் இருக்கிறது. சிரிக்காதீர்கள், காரணம் சொல்கிறேன்.

விலங்கியல் படித்து முடித்த கையோடு எண்ணூர் கழிமுகத்தில் எனக்கு வேலை கிடைத்தது. ஆற்றில் மிதவை கட்டி, அதிலிருந்து வலைக்கூண்டுகளைத் தொங்கவிட்டுக் கொடுவா மீன் வளர்க்கும் பண்ணை. முதலாளி நகரத்தின் தென்கோடியில் எங்கோ இருந்தார். நான் மேற்பார்வை. நீச்சல் தெரியாத மேற்பார்வை. முதல் நாள் பாலிஷ் போட்ட ஷூவோடு படகில் ஏறிய என்னைப் பார்த்து அம்சாக்கா, "இன்னா சாரு, கல்யாணத்துக்கா வந்துகீறே?" என்றாள்.

மீன்களுக்குத் தீனி போடுவது அவள் வேலை. அதற்கு முன்பு அதே ஆற்றில் இறங்கி, சேற்றைக் கையால் தடவி இறால் பிடித்தவள். கூண்டுகள் வந்தபின் அந்தப் பக்கம் யாரும் இறங்கக் கூடாது என்றாகிவிட்டது. "எங்க ஆத்துல எங்களையே சுத்திக்கினு போவச் சொல்றீங்க" என்பாள், சிரித்துக்கொண்டேதான். நறுக்கிய பொடிமீன் வாடை அவள் புடவையில் எப்போதும் இருக்கும். இன்றும் காசிமேட்டு மீன் சந்தைப் பக்கம் போனால் அந்த வாடையோடு அவள் சிரிப்பும் வந்துவிடுகிறது.

வாளியைத் தட்டினால் போதும், தண்ணீர் கொதிப்பதுபோல் மீன்கள் துள்ளி வரும். ஒரு நாள் காலையில் தட்டினாள், ஒன்றும் வரவில்லை. குனிந்து பார்த்தோம். அத்தனை மீனும் கடல் பக்கத்து மூலையில், வலையில் மூக்கை வைத்து, அசையாமல் நின்றன. ஆற்றில் ஒரு கொக்குகூட இல்லை. அம்சாக்கா பாதத்தைத் தண்ணீரில் விட்டு உடனே இழுத்துக்கொண்டாள்.

"சுடுது சாரு. மேல கம்பெனிலேர்ந்து எவனோ இன்னாத்தையோ வுட்டுகீறான். வலைய அறுத்துடலாம்."

முதலாளிக்குப் போன் செய்தேன். "நான் வர்ற வரைக்கும் எதையும் தொடாதே" என்றார். நானும் தொடவில்லை. அரை மணி நேரம், மீன்களையும் அம்சாக்காவின் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

பிறகு அவளே கத்தியை எடுத்தாள். கடல் பக்கத்து வலையை மேலே இழுத்து இழுத்து, அடிவரை அறுத்துத் தள்ளினாள். மீன்கள் போகவில்லை. வலை இருந்த இடத்தில், இல்லாத வலைமேல் மூக்கை வைத்தபடி அப்படியே நின்றன. குஞ்சிலிருந்தே கூண்டுக்குள் வளர்ந்தவை. அம்சாக்கா தண்ணீரில் குதித்து, "போ! போயேன்!" என்று இரண்டு கையாலும் தள்ளினாள். தள்ளியவை ஒரு முழம் போய், திரும்பி வந்து மூலையில் சேர்ந்துகொண்டன. மதியத்துக்குள் ஒவ்வொன்றாக வெள்ளை வயிற்றைக் காட்டி மேலே வந்தன. சத்தமே இல்லை.

தண்ணீரில் என்ன கலந்தது, யார் விட்டது என்று யாரும் சொல்லவில்லை. பண்ணையை மூடினார்கள். அம்சாக்காவின் கால் தோல் உரிந்து, ஆற வெகுநாள் ஆயிற்று. பிறகு கண்டெய்னர் யார்டில் பெருக்கும் வேலைக்குப் போனாள்.

சில மாதங்களுக்கு முன் அவளோடு, பண்ணை இருந்த இடத்துக்குப் போனேன். அனல்மின் நிலையத்துச் சாம்பல் படிந்து படிந்து ஆறு மேடாகி, அதன்மேல் லாரிப் பாதை விழுந்திருந்தது. ஓரிடத்தில் நின்று செருப்பைக் கழற்றினாள். வெறுங்காலால் அந்தச் சாம்பல் தரையை மெல்லத் தடவினாள்.

"இன்னாக்கா?"

"இங்கதான் சாரு. கழுத்து வரைக்கும் தண்ணி."

பின்னால் லாரி ஹாரன் அடித்தது. இருவரும் ஒதுங்கி நின்றோம்.