புகை போட்ட முட்டை

முட்டை ஓட்டுக்கு உள்ளே ஒரு மெல்லிய சவ்வு இருக்குமே, அதை உரித்து, அதன்மேல் மனிதத் தோலின் செல்களை வளர்த்து, தீக்காயத்துக்கு ஒட்டும் செயற்கைத் தோல் செய்வது என் வேலை. சேலத்தில் ஒரு கல்லூரி ஆய்வகம். செய்வது என்று சொல்கிறேனே தவிர, ஐந்து மாதமாக ஒன்றும் கிழிக்கவில்லை. மூன்றாம் நாளே செல்களெல்லாம் செத்துப்போகும். சவ்வைக் குற்றம் சொன்னேன், கருவியைக் குற்றம் சொன்னேன், கடைசியில் என் தலையெழுத்தையே திட்டினேன்.

இதில் அண்ணன் வேறு. மாரியம்மன் நோம்பி அன்னதானத்தில் சாம்பார் அண்டா சரிந்து, அவருடைய இடது கால் முழங்காலிலிருந்து கீழே வெந்துபோனது. வலது தொடையில் தோல் எடுத்து ஒட்டினார்கள். ஆறியதும் அது சுருங்கி, கால் நீட்ட வராமல் மடங்கிக்கொண்டது. இன்னொரு தரம் அறுத்துத் தோல் வைத்தால் நிமிரும் என்றார் டாக்டர்.

"வெந்ததக்கூடப் பொறுத்துக்கிட்டனுங்க. தோலெடுத்த எடத்து எரிச்சல் இருக்குதே, அய்யோ! என்ற தங்கச்சி தோல் செய்யுதுங்க, அது வரட்டும்" என்று அண்ணன் தேதியைத் தள்ளிக்கொண்டே போனார். "இந்த வருசமே வந்துருமுங்கண்ணா" என்று வாய்க்கொழுப்பில் நான்தான் சொல்லித் தொலைத்திருந்தேன்.

அவருக்கு எருமப்பட்டிப் பக்கம் ஒரு குஞ்சு பொரிப்பகத்தில் வேலை. எனக்கு முட்டை கொண்டுவருவதும் அவர்தான், நொண்டிக்கொண்டே. ஒருநாள் முட்டை அட்டையைப் பிரித்ததும் மூக்கில் சுருக்கென்று ஏறியது.

"என்னங்கண்ணா இந்த வாடை?"

"பார்மலின் புகை, சாமி. இன்னைக்குக் காத்தாட வெக்க நேரமில்ல. பொரிக்கிற முட்டைக்கே கிருமி அண்டாம புகை போடறோம், உன்ற முட்டைக்குப் போடாம உடுவனா? மொத நாள்லேருந்தே ரெண்டு மடங்கு போடறேன்."

பிணம் கெடாமல் வைக்கிற மருந்து அது; ரெண்டு மடங்கு போட்டால் ஓட்டைத் தாண்டிச் சவ்விலும் ஊறியிருக்கும்.

"அய்யோ, அத்தனையும் கொன்னுட்டீங்களே!" என்று கத்திவிட்டேன். அவர் அட்டையைத் திரும்பக் கட்டினார். ஐந்து மாதத்தில் ஒருதரம்கூட அவரிடம் கேட்கத் தோன்றாத எனக்கு என்ன படிப்பு வேண்டிக்கிடக்கிறது?

அடுத்த வாரம் புகை போடாத முட்டை வந்தது. பத்தாம் நாளும் செல்கள் உயிரோடிருந்தன. ஓடிப்போய் அண்ணனிடம் சொன்னேன்.

"அப்ப எனக்கு எப்பப் போடுவ?"

இதற்குமேல் பொய் சொல்ல வாய் வரவில்லை. "மொதல்ல எலிக்குங்கண்ணா."

"அப்புறம்?"

"பெரிய மிருகத்துக்கு. அப்புறம் அனுமதி வாங்கணும். வருசக்கணக்காகுமுங்க."

திட்டுவார் என்று நினைத்தேன். சிரித்தார். "எலிக்கா நான் இத்தன நாளு கால மடக்கிக்கிட்டு உக்காந்திருந்தேன்?"

பிறகு வேட்டியை விலக்கி, தழும்பில்லாத இடது தொடையைத் தடவிப் பார்த்தார்.

"டாக்டருக்குப் போன் போடு, சாமி. இதுலயே எடுத்துக்கச் சொல்லு."

நான்தான் போன் போட்டுத் தேதி கேட்டேன்.