சிறகு உலர்த்திய நீர்க்காகம்

என் கணவருக்கு அறுபது நிறைவதை ஒட்டித் திருக்கடையூரில் கல்யாணம் செய்து பார்க்கப் பிள்ளைகள் ஆசைப்பட்டார்கள். ரூம் போட்டாயிற்று, எனக்குக் கூறைப்புடவையும் எடுத்தாயிற்று. இரண்டு நாள் இருக்கும்போது, பறவை பார்ப்பவர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்தது. கோடியக்கரைச் சதுப்பில் கரண்டிமூக்கு உள்ளான் ஒன்று தென்பட்டதாம்.

சிட்டுக்குருவி அளவுதான் இருக்கும் அது. சைபீரியக் கோடியிலிருந்து வருவது. அலகின் நுனி மட்டும் கரண்டி மாதிரித் தட்டையாக இருக்கும். இவர் இருபது வருஷமாக அதைத் தேடிக்கொண்டிருக்கிறார். "விசேஷத்தை அடுத்த மாசம் வெச்சுக்கலாம். அது அடுத்த மாசம் இருக்காது" என்றார். பிள்ளைகளிடம் அதைச் சொல்லும் வேலை வழக்கம்போல என் தலையில் விழுந்தது.

கோபம் இருந்தாலும் கூடப் போனேன். எனக்கும் அந்தப் பைத்தியம் உண்டு. ரிட்டயர் ஆன கணக்கு டீச்சர் நான். தேடுவது அவர், எண்ணி நோட்டில் எழுதுவது நான். எங்கள் வீட்டில் சண்டையில்லாமல் நடந்த ஒரே வேலைப் பிரிவினை அதுதான்.

தஞ்சாவூரில் விடியற்காலை கிளம்பினோம். திருத்துறைப்பூண்டி தாண்டும்போது எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "உங்களுக்கு இன்னொரு தடவை கழுத்தை நீட்ட எனக்கும் ஒண்ணும் ஆசை இல்லீங்க" என்று சொல்லிவிட்டேன். அவர் காரில் ஓடிய பாட்டை நிறுத்தினார். கோடியக்கரை வரை அப்படியே போனோம்.

உப்பளக் கரையில் காரை நிறுத்தி டெலஸ்கோப்பை முக்காலியில் பூட்டினோம். மாசி வெயில். சதுப்பு கண்ணுக்கெட்டிய வரை வெள்ளையாகக் கிடந்தது. ஆயிரக்கணக்கில் கொசு உள்ளான்கள். இவர் தேடும் பறவை அந்தக் கூட்டத்துக்குள்தான் ஒளிந்துகொண்டு மேயும். பத்து மணி வாக்கில், "அந்த ஓரத்துல ஒண்ணு வேற மாதிரி மேயுது" என்றார். பைனாகுலரை மட்டும் மாட்டிக்கொண்டு சேற்றில் இறங்கிவிட்டார். மணி அடித்தால் பறவை கலையும் என்று போனைக் காரிலேயே வைத்துவிட்டுப் போனார். "பார்த்துப் போங்க" என்று சொல்ல வாயெடுத்தேன். சண்டை நினைவுக்கு வந்தது. சொல்லவில்லை.

கொஞ்ச நேரத்தில் கானல் எழும்பியது. அதன்பின் அந்த இடத்தில் எதுவும் அதுவாக இல்லை. தூரத்தில் ஆட்கள் வரிசையாக நடந்து வந்தார்கள். தலை இருந்தது, கால் இல்லை. டெலஸ்கோப்பில் பார்த்தால் பூநாரைகள். மறுபடி வெறுங்கண்ணால் பார்த்தால் ஆட்கள். காற்று என் முதுகிலிருந்து கடலைப் பார்த்து வீசியது. எதிர்ப்பக்கத்துச் சத்தம் ஒன்றும் எனக்கு வரவில்லை. இத்தனை பறவை வாயைத் திறந்து திறந்து மூடியும் ஒரு குரல்கூடக் கேட்காததில் எனக்கு உள்ளூரப் பயமாக இருந்தது. அதை மறைக்கத்தான் விழுந்து விழுந்து எண்ணினேன்.

பதினொன்று இருபதுக்கு, வெளிச்சத்துக்கு எதிரே, கறுப்பாக ஒன்று தென்பட்டது. குட்டையான உடம்பு, இரண்டு பக்கமும் விரித்த சிறகு. உற்றுப் பார்த்தேன். குனிந்து, 'நீர்க்காகம் 1, சிறகு உலர்த்துகிறது' என்று எழுதினேன். டெலஸ்கோப்பை மேற்கே திருப்பிப் பூநாரைகளை எண்ணப் போனேன்.

முக்கால் மணி நேரம் கழித்து மறுபடி அந்தப் பக்கம் வந்தபோதும் அது அப்படியே நின்றது. சிறகு மடங்கவில்லை. உடம்பு மட்டும் முன்பைவிடக் குட்டையாகத் தெரிந்தது. அதைச் சுற்றி ஒரு பெரிய வட்டத்துக்கு ஒரு பறவையும் இல்லை. நீர்க்காகம் பக்கத்தில் நின்றால் உள்ளான் எதற்கு விலக வேண்டும்? முங்கி மீன் பிடிக்கிற பறவைக்கு முழங்கால் தண்ணீர்கூட இல்லாத இடத்தில் என்ன வேலை? இதையெல்லாம் வரிசையாகத்தான் யோசித்தேன், கணக்குப் போடுகிற மாதிரி. விடை வந்ததும் நோட்டைக் கீழே போட்டேன்.

உப்பளத்தில் வேலை செய்துகொண்டிருந்தவர்களிடம் ஓடினேன். ஒரு பெரியவர் நான் சொல்லி முடிக்கும் முன்பே பலகையைத் தூக்கிவிட்டார். "காலையில ஒரு ஆள் போனதைப் பார்த்தேங்க. திரும்பினதைப் பார்க்கலை. காத்து இப்படி அடிச்சா சதுப்புத் தண்ணி அந்தப் பக்கமா ஏறும்" என்று சொல்லிக்கொண்டே நடந்தார். நாலு பேர் பலகை போட்டு, கயிறு கட்டி இழுத்தார்கள். மார் வரை புதைந்திருந்தார். மேலும் இறங்காமலிருக்க இரண்டு கையையும் சேற்றின் மேல் விரித்து வைத்திருந்தார். கரையில் கொண்டுவந்து போட்டதும் அவர் முகத்தைத் துடைத்துத் துடைத்து அழுதேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பும்போது நான்தான் கார் ஓட்டினேன். சேறு காய்ந்து அவர் மேலெல்லாம் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது.

"நீர்க்காகம்னு நெனச்சுட்டேங்க" என்றேன். வேதாரண்யம் வருவதற்குள் அதை நாலைந்து தடவை சொல்லியிருப்பேன். ஒவ்வொரு தடவையும் தலையை ஆட்டினார்.

"கரை மேட்டுல நின்னதால நீ எனக்கு நல்லாத் தெரிஞ்சே" என்றார் கடைசியில். "பைனாகுலர்ல உன்னைத்தான் பார்த்துக்கிட்டிருந்தேன். நடுநடுவே கையை விரிச்சு ஆட்டிக் கத்தினேன். நீ டெலஸ்கோப்பை என் பக்கம் திருப்பினே. ரொம்ப நேரம் என்னையே பார்த்தே. அப்புறம் குனிஞ்சு ஏதோ எழுதினே. அப்புறம் வேற பக்கம் திரும்பிட்டே."

காரை ஓரமாக நிறுத்தினேன். அந்த நேரத்தில் என்ன நினைத்தீர்கள் என்று கேட்டேன்.

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அதுக்கப்புறம் நான் கூப்பிடலை" என்றார்.