குறியை நேராக்கிய ஞாயிற்றுக்கிழமை

எங்கள் பழைய காரில், வால்வுகளைத் திறந்து மூடும் கேம்ஷாஃப்ட்டின் சீல் வழியாக ஆயில் கசிந்துகொண்டிருந்தது. ஹென்டர்சனில் இருக்கும் கராஜில் அடுத்த மாதம்தான் பார்க்க முடியும் என்றார்கள். அதற்குள், அந்த ஷாஃப்ட்டை எஞ்சினோடு சேர்த்துச் சுற்றவைக்கும் டைமிங் பெல்ட் ஆயிலில் ஊறிக் கெட்டுவிடும். நான் மெக்கானிக்கல் படித்துவிட்டு எல்லர்ஸ்லியில் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிறவள். நாமே மாற்றிவிடலாம் என்று கணவரிடம் சொன்னேன். அவர் யாழ்ப்பாணத்துக்காரர். எதைச் சொன்னாலும் முதலில் ‘ஓம்’ என்பார்.

ஏவன்டேல் வீட்டு டிரைவ்வேயில் காலையிலேயே ஆரம்பித்தோம். இந்த எஞ்சினில் ஒரு தொல்லை உண்டு. பெல்ட் இல்லாமல், பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது கேம்ஷாஃப்ட்டைச் சுற்றினால், கீழே இறங்கும் வால்வு பிஸ்டனில் இடித்து வளைந்துவிடும். பிறகு எஞ்சினையே பிரிக்க வேண்டும். அதனால் பெல்ட்டைக் கழற்றியதும், பிஸ்டன்களை ஏற்றி இறக்கும் கிராங்கைக் கால் சுற்று பின்னால் திருப்பி, எல்லாப் பிஸ்டன்களையும் பாதி உயரத்தில் நிறுத்தினேன்.

“இதை மட்டும் தொடாதீங்க,” என்றேன்.

“ஓம், விளங்குது.”

சீலை மாற்றியாயிற்று. மகள் உள்ளே இருந்து பசிக்கிறது என்று ஆங்கிலத்தில் கத்தினாள். அவளுக்குத் தோசை வார்த்துக் கொடுத்துவிட்டு வந்து, சீல் மாற்றும்போது நகர்ந்திருந்த கேம்ஷாஃப்ட்டை அதன் சக்கரத்தில் உள்ள குறிக்குக் கொண்டுவர ஸ்பேனரைப் போட்டேன். கொஞ்சம் திரும்பியது. பிறகு இரும்பு இரும்பில் முட்டியதுபோல நின்றுவிட்டது. அப்படியே கையை எடுத்துவிட்டேன்.

“கொஞ்சம் அமத்திச் சுத்தும், வரும்,” என்றார்.

கீழே குனிந்து பார்த்தேன். கிராங்கின் குறி உச்சியில் நேராக நின்றது; பிஸ்டன் மறுபடி மேலே வந்திருக்கிறது.

“கிராங்கை யார் திருப்பினது?”

“குறி விலகி நிண்டது. நீர் மறந்துபோட்டீர் எண்டு நான்தான் நேராக்கினனான்.”

“தொடாதீங்கன்னு சொன்னேனே!”

“உதவிதானே செய்தனான்.”

“திருப்பும்போது எங்கயாவது இடிச்சுதா?”

யோசித்தார். “இடிச்சதோ… ஞாபகம் இல்லை.”

எனக்கு அழுகையே வந்துவிட்டது. வால்வு வளைந்திருக்கிறதா என்று எஞ்சினைப் பிரிக்காமல் பார்க்க என்னிடம் வழியில்லை. முழுக்கப் பூட்டி ஓட்டினால்தான் தெரியும். இதற்கிடையில் மழை வேறு. அவர் தார்ப்பாயைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்க, நான் எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்தேன். கேம்ஷாஃப்ட்டைச் சற்றுப் பின்னால் விட்டு, கிராங்கை மறுபடி கால் சுற்று திருப்பி, கேம் குறியைச் சேர்த்து, கடைசியில் கிராங்கை மேலே கொண்டுவந்து பெல்ட்டை மாட்டினேன். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி வைத்துவிட்டு, கையாலேயே இரண்டு முழுச் சுற்று சுற்றினேன். எங்கும் முட்டவில்லை. அப்போதும் நம்பிக்கை வரவில்லை. பிளக்குகளைத் திரும்ப மாட்டிவிட்டுச் சாவியைத் திருப்பினேன்.

எஞ்சின் பிடித்துக்கொண்டது. நாலு சிலிண்டரும் பிசிறில்லாமல் ஓடின.

அவர் உடனே தன் தம்பிக்கு போன் போட்டார். “நாங்கள் ரெண்டு பேருமாச் சேர்ந்து முடிச்சிட்டம். பெரிய வேலையொண்டும் இல்லையடா,” என்று கதைத்துக்கொண்டே காரைச் சுற்றி நடந்தார்.

நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.