ஓடை விழும் மூலை

குளக்கரையில் அன்று இருந்தவர்கள் இவர்கள். பஞ்சாயத்துத் தலைவர். மடை திறந்து விடுகிற நீர்பாய்ச்சி. திண்டுக்கல்லிலிருந்து வந்த மீன் வியாபாரி. மீன் துறை சார், கக்கத்தில் சுருட்டிய குளத்துப் படத்தாளோடு. ஊத்தா போடுகிற ஆண்கள் ஆறு பேர். ஏழாவது நான்.

ஊத்தா என்றால் அடியில்லாத மூங்கில் கூடை. முழங்கால் தண்ணீரில் நடந்து, மீன் நிற்கிற இடத்தில் கவிழ்த்து, மேல்வாய் வழியாகக் கையை விட்டுப் பிடிப்போம். எங்கள் ஊரில் பெண்களில் நான் மட்டும்தான் போட்டேன். வீட்டுக்காரர் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் மூட்டை தூக்கினார். வாரத்துக்கு ஒரு நாள் வருவார். மழைக்காலம் முழுக்க நான் பிடிக்கிற விராலில்தான் வீட்டில் உலை கொதித்தது.

குளத்தில் மீன் குறைந்து போயிருந்தது. முழுக்குளத்தையும் குத்தகைக்குக் கொடுங்கள், குஞ்சு விட்டு வளர்த்துப் பெரிய வலை போடுகிறேன் என்று வியாபாரி கேட்டார். அப்படிக் கொடுத்தால் ஊத்தா ஒன்றும் குளத்தில் இறங்காது. சார்தான் தலைவரிடம் தவணை கேட்டார். குளத்தில் ஒரு பங்கை மூடி வைத்தால் மீன் அங்கே பெருகி மற்ற இடத்துக்கும் வரும் என்றார். ராமநாதபுரத்துக் கடலில் வேலை பார்த்தவர் அவர். அங்கே சங்குப் படுகையைக் கொஞ்ச காலம் மூடி வைத்துப் பிறகு திறப்பார்களாம்.

“கடலைப் பூட்டுன சாவி ஒங்ககிட்டயா சார் இருக்கு?” என்றார் வியாபாரி. சாரும் சிரித்தார்.

இரண்டு மழைக்காலம் பார்ப்போம் என்று தலைவர் முடித்தார்.

சார் படத்தை விரித்து எந்த இடத்தை மூடலாம் என்று கேட்டார். எல்லோரும் மடைக்கு முன்னால் இருக்கிற ஆழத்தைக் காட்டினோம். நானும் காட்டினேன். ஆழத்தில் ஊத்தா போட முடியாது. அதை மூடினால் யாருக்கும் ஒன்றும் போகாது. சார் சிவப்புப் பென்சிலால் கோடு போட்டார். கருவேலங்கம்பு நட்டுச் சுண்ணாம்பு அடித்தோம். குளம் பெருகியதும் பாதிக் கம்பு முங்கியது. மீதி யார் வீட்டு அடுப்புக்கோ போனது.

அந்த மழையில் மீன் கூடவில்லை.

நான் எப்போதும் போல ஓடை வந்து விழுகிற மூலையில், கோரைக்குள் கூடை போட்டேன். விரால் குஞ்சுகள் சிவப்பாகக் கூட்டமாய் மூச்சு வாங்க மேலே வரும். தாய் நேர் கீழே நிற்கும். அந்த இடத்தில் கவிழ்த்தால் தப்பாது. தாய் போனபின் இரண்டு நாளில் குஞ்சுகளைக் கொக்கு தின்றுவிடும். இது எனக்குத் தெரியும். யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

கோடையில் சார் மறுபடி வந்தார். இந்தத் தடவை கூட்டம் போடவில்லை. ஒவ்வொருவரோடும் தனித்தனியாகக் கரையில் நடந்தார். எந்த மாதம், எந்த இடம், அங்கே போக முடியாவிட்டால் வேறு எங்கே போவீர்கள் என்று கேட்டு எழுதினார். முதலில் இதைக் கேட்காமல் கோடு போட்டது தன் தப்பு என்றார். என்னிடம், குஞ்சைக் கண்ணால் பார்த்த இடம் உண்டா என்று கேட்டார்.

குத்தகை வந்தால் ஏழு கூடையும் போகும். சொன்னால் என் கூடைதான் முதலில் போகும்.

“ஓடை விழுற மூலை சார். நான் கூடை போடுற எடந்தான்.”

அவர் உடனே எழுதவில்லை. “அப்ப நீங்க எங்கம்மா போவீங்க?”

“அதையும் சேத்து எழுதுங்க சார்.”

அடுத்த கூட்டத்தில் அதையும் சேர்த்துத்தான் பேசினார்கள். அந்த மூலையை வருஷம் முழுக்க மூட வேண்டாம், ஓடையில் தண்ணீர் வந்த நாளிலிருந்து ஒரு மண்டலம் போதும் என்று நீர்பாய்ச்சி சொன்னார். பழனிக்கு மாலை போட்டால் நாற்பத்தெட்டு நாள் கவுச்சி இல்லாமல் இருக்கிறோம், இதுவும் அப்படித்தான் என்றார். அது எல்லோருக்கும் பிடிபட்டது. அந்த நாட்களில் குளம் நிறைந்து தண்ணீர் வழிகிற மறுகால் எனக்கு என்று ஆனது. அதுவரை அங்கே பிடித்தவர் என் கொழுந்தன் முறை.

“மதினிக்கு மறுகாலக் குடுத்துட்டு நான் ரசத்தக் குடிக்கவா?” என்றார். ஆனாலும் கொடுத்தார்.

கம்பு நடவில்லை. கடலில் கம்பு நட முடியாது, கரையில் இரண்டு அடையாளத்தை நேர் பார்த்துத்தான் எல்லை வைப்பார்கள் என்று சார் காட்டிக் கொடுத்தார். கரையில் நிற்கிற ஒற்றைப் பனைக்கு நேர் பின்னால் திண்டுக்கல் மலைக்கோட்டை நின்றால் எல்லை. மலை வலப்பக்கம் நகர்ந்தால் உள்ளே வந்துவிட்டோம். மழை மூட்டத்தில் மலை தெரியாத நாளில் அந்தப் பக்கமே போவதில்லை என்று நாங்களே வைத்துக்கொண்டோம்.

காவலுக்குச் சம்பளத்து ஆள் இல்லை. ஏழு பேரும் முறை போட்டுக் காத்தோம். என் முறையில் ஒரு நாள் கைக்கெட்டுகிற தூரத்தில் சிவப்புக் கூட்டம் எழும்பியது. தாயின் முதுகும் தெரிந்தது. சும்மா நின்று பார்த்தேன். நன்றாக இருந்தது.

வியாபாரி ஒரு நாள் வந்து, ருசி பார்க்க ஒன்றே ஒன்று கேட்டார். மண்டலம் கழித்து வாங்கண்ணே என்றேன். போகும்போது தன் பொட்டலத்திலிருந்து வெற்றிலை கொடுத்துவிட்டுப் போனார்.

மண்டலத்தின் முப்பதாம் நாள் குஞ்சுக்கூட்டத்தை எண்ணுவது என்று தலைவர் வைத்தார். எல்லைக்குள் பத்துக் கூட்டம் இருந்தால் குத்தகைப் பேச்சு இல்லை. குறைந்தால் குளம் வியாபாரிக்கு. காலை வெயிலில் தலைவர், வியாபாரி, சார், நான் நாலு பேரும் கோரை ஓரமாக மெதுவாக நடந்தோம். குஞ்சு எழும்புகிற இடத்தை நான் காட்டுவேன். வியாபாரி குனிந்து பார்த்துத் தலையசைத்த பிறகே சார் தாளில் ஒரு கோடு கிழிப்பார். ஒரு கூட்டத்தை முன்பே பார்த்தோம் என்று வியாபாரி சொன்னார். அதை விட்டுவிட்டோம். மூலை முடிந்ததும் சார் தாளைத் தலைவரிடம் நீட்டினார். அவர் விரல் வைத்து எண்ணினார்.

பதினேழு.