நாகமுத்துவின் மாமரமும் ஆழ்வாப்பிள்ளையரின் சைப்பிரஸும்

புளியங்கூடலில் காய்க்காத, பூக்காத, ஆட்டுக்குக் குழையாகவும் உதவாத ஒரு மரத்துக்கு நல்ல தண்ணீர் அள்ளி ஊற்றிய மனிதர் என்றால் அது ஆழ்வாப்பிள்ளையர் ஒருவர்தான். யாழ்ப்பாணத்தை ஒட்டிய ஒரு தீவில், வைகாசி பிறந்தால் கிணறுகள் உவர்க்கத் தொடங்கிவிடும் ஊர் அது. குடிக்கிற தண்ணீருக்கே பெண்கள் குடத்தோடு நடக்கிற காலத்தில் ஒருவர் வாளியும் கையுமாக வேலியோரம் நின்றால் ஊர் சும்மா இருக்குமா? "கிளாக்கருக்கு மலைநாட்டுக் குளிர் இன்னும் தலையை விட்டு இறங்கேல்லை" என்று சொல்லிச் சிரித்தார்கள். சிரித்தவர்களுக்கு அந்த மரத்தின் கதை தெரியாது. தெரிந்திருந்தாலும் சிரித்திருப்பார்கள், அது வேறு விஷயம்.

பண்டாரவளைப் பக்கம் ஒரு தபாற்கந்தோரில் நெடுங்காலம் கிளாக்கராக இருந்தவர் அவர். பிள்ளைகள் இல்லை. அவரும் மனைவி நாகமுத்துவும் குடியிருந்த குவாட்டர்ஸைச் சுற்றி வெள்ளைக்காரன் காலத்தில் வைத்த சைப்பிரஸ் வேலி நின்றது. ஆளுயரத்துக்கு மேலே, கை நுழைய இடமில்லாத அடர்த்தி. எண்பத்துமூன்றாம் ஆண்டு ஆடி மாதம் தமிழர் வீடுகளைத் தேடிக் கூட்டம் தீப்பந்தங்களோடு வந்தபோது இரண்டு பேரும் அந்த வேலிக்குள்ளேதான் புகுந்தார்கள். கதிரை, அலுமாரி, நாகமுத்துவின் கூறைச்சேலை எல்லாம் எரிவதைப் பார்த்தபடி பொழுதுபடும்வரை மூச்சுவிடாமல் இருந்தார்கள். கையெட்டும் தூரத்தில் ஆட்கள் நடந்து போனார்கள். ஒருவர் கண்ணிலும் படவில்லை.

அன்றிலிருந்து ஆழ்வாப்பிள்ளையருக்குச் சைப்பிரஸ் தெய்வம். நாகமுத்துவுக்கோ அதன் பெயரைக் கேட்டாலே கை தானாக மூக்கைப் பொத்தும். உடம்பில் நசிந்த இலையின் அந்தக் காட்டமான மணமும் எரிகிற வீட்டின் மணமும் அவளுக்கு ஒன்றாகிவிட்டன. ஒரே வேலிக்குள் ஒரே நாள் இருந்த இரண்டு பேரில் ஒருவர் உயிரையும் மற்றவர் பயத்தையும் எடுத்துக்கொண்டு வந்தார்கள். அகதிக் கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்து, அங்கிருந்து புளியங்கூடலில் நாகமுத்துவின் சீதனவீட்டுக்கு வந்து சேர்ந்தபோது, ஆழ்வாப்பிள்ளையரின் காற்சட்டைப் பையில் ஒரு பிடி சைப்பிரஸ் காய்கள் கிடந்தன. மனைவிக்கு அவர் அதைச் சொல்லவில்லை.

ஓய்வூதியக்காரனுக்கு நேரத்துக்கு என்ன குறை. அடுத்த மாரிக்குள் முற்றத்துக்கு எந்த மரம் என்ற விசாரணையை அவர் பெரிய கந்தோர் அலுவல்போல நடத்தத் தொடங்கினார். மலைநாட்டிலிருந்த பழைய சிநேகிதர் ஒருவர் லொறிக்காரனிடம் கன்றுகள் கொடுத்தனுப்பினார். பைன் மரத்தை முதலிலேயே தள்ளிவிட்டார். ஊசியிலை கொட்டினால் அதன் கீழே புல்லும் முளைக்காது. தூயா என்ற அலங்காரக் கன்றைப் படலையின் இரண்டு பக்கமும் வைத்தார். விசிறி மடித்ததுபோன்ற இலை, நட்ட புதிதில் வாசலில் இரண்டு காவற்காரர் நின்ற மாதிரித்தான் இருந்தது. முதற் சோளகம் அடித்ததும் கடற்பக்கத்து இலையெல்லாம் உப்புக்காற்றில் கருகிப் போயிற்று. கிறிஸ்மஸ் மரம் என்று சொல்கிறார்களே, தட்டுத் தட்டாகக் கிளை விரிக்கிறது, அது உப்புக்குக் கலங்கவில்லை. புத்தியுள்ளவன் அதைத்தான் தெரிந்தெடுத்திருப்பான். ஆனால் அது தனிமரம், உள்ளே ஒரு கோழி ஒளிக்கவும் இடம் கிடையாது. ஆழ்வாப்பிள்ளையர் தேடியது இரண்டு பேர் ஒளிக்கக்கூடிய மரம். அழகு அழகு என்று வாயால் சொல்லிக்கொண்டாலும் அவருடைய மனதுக்குள் இருந்தது அதுதான். ஆகவே, பையிலிருந்த காய்களின் விதை முளைத்து வந்த சைப்பிரஸ் கன்றுகளையே கிணற்றடியில் வரிசையாக வைப்பதென்று முடிவாயிற்று.

கிணற்றடியில்தான் வளவின் நல்ல மண். அங்கே ஏற்கெனவே இரண்டு மாமரங்கள் நின்றன.

அந்த மாமரங்களைப் பற்றிச் சொல்லாவிட்டால் கதை விளங்காது. அந்தப் பக்கத்தில் ஒருவர் செத்தால் வளவில் நிற்கிற மாமரம் ஒன்றைத் தறித்துத்தான் சிதைக்கு விறகு எடுப்பார்கள். நாகமுத்துவின் தகப்பன் மகளுக்குக் கலியாணம் பேசிய ஆண்டிலேயே மகளுக்கு ஒன்று, மருமகனுக்கு ஒன்று என்று இரண்டு கன்று நட்டுவிட்டார். அதில் மனத்தாங்கலுக்கு இடமில்லை. இருக்கிறவரை பழத்தைத் தின்பது, போகிறபோது மரத்தோடு போவது. நாகமுத்துவும் சின்னப் பிள்ளை பொம்மையைக் காட்டுவதுபோல "இது என்ர, அது அவரின்ர" என்று வந்தவர்களுக்குக் காட்டுவாள். ஆடிக் கலவரத்துக்குப் பிறகு அந்தப் பேச்சில் விளையாட்டு இல்லாமல் போயிற்று.

"கண்ட நெருப்பிலை நான் போகமாட்டன்," என்றாள் ஒருநாள். "கண்ட நெருப்பைக் கண்ணாலை பாத்திட்டன். என்ர மாமரத்திலை, தேவாரத்தோடை, ஒழுங்கா வைக்க வேணும். எனக்கு வேறை ஒரு ஆசையும் இல்லை."

ஆழ்வாப்பிள்ளையர் ஓம் என்றார். அதற்கடுத்த கிழமை, நிழல் விழுகிறது, வேர் தண்ணீரைக் குடிக்கிறது என்று சொல்லித் தன்னுடைய மாமரத்தைத் தறிக்க ஆள் பிடித்தார்.

"இஞ்சேருங்கோ, அந்தச் சனியனை இஞ்சையும் கொண்டந்து நடப்போறியளே?"

"அது இல்லாட்டி நீரும் நானும் இண்டைக்கு இல்லை, நாகமுத்து. வெட்டுறது என்ர மரத்தை. உம்முடையது நிக்குதுதானே."

"அப்ப உங்களை என்னத்திலை வைக்கிறது?"

"எனக்கு இந்தச் சைப்பிரஸே காணும்."

மாமரம் விழுந்தது, கன்றுகள் வரிசையாக நட்டாயிற்று. மூக்கைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டு, பாத்திரம் கழுவிய தண்ணீரைப் பின்னேரங்களில் அவளே அந்தக் கன்றுகளுக்குக் கொண்டுபோய் ஊற்றினாள். வெறுத்த மரத்துக்குத் தண்ணீர் ஊற்றுகிற மனைவி எல்லாருக்கும் வாய்க்கமாட்டாள். அதை உணர ஆழ்வாப்பிள்ளையருக்குக் கனகாலம் எடுத்தது.

சைப்பிரஸ் வளர்ந்தது. வீட்டுப்பக்கம் பச்சைப்பசேலென்றும், கடற்பக்கம் உப்பில் வெந்து கபிலமாகவும் வளர்ந்தது. ஆழ்வாப்பிள்ளையர் வீட்டுப்பக்கத்திலிருந்துதான் அதைப் பார்ப்பார்.

தொண்ணூறில் சண்டை திரும்பவும் மூண்டது. எங்கிருந்தோ வந்த ஷெல் ஒன்று பக்கத்து வளவில் குலசிங்கத்தின் முற்றத்தில் விழுந்தது. துணி காயப்போட்டுக்கொண்டு நின்ற அவருடைய மகள் ஞானசவுந்தரி அந்த இடத்திலேயே போய்விட்டாள். குலசிங்கத்தின் வளவில் இருந்ததெல்லாம் சின்னத் தென்னைகள். அவர் வந்து படலையில் நின்றார். செத்தவீட்டுக்கு மரம் கேட்டு வந்தவரை வெறுங்கையோடு அனுப்புகிற வழக்கம் அந்த ஊரில் கிடையாது.

கிணற்றடியில் சைப்பிரஸ் வரிசை நின்றது. "இதைத் தறியுங்கோ" என்று ஆழ்வாப்பிள்ளையர் சொல்லியிருக்கலாம். நாகமுத்து அவருடைய முகத்தைப் பார்த்தாள். அவர் நிலத்தைப் பார்த்தார். வேலி அடர்த்தியாகிற நேரம், இன்னும் இரண்டு மாரி போதும், அதற்குள் ஆமி வந்தால் என்ன செய்வது என்று அவர் மனம் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது.

"என்ர மரத்தைத் தறியுங்கோ அண்ணை," என்றாள் நாகமுத்து. "குமர்ப்பிள்ளை. நல்ல மரத்திலை போகட்டும்."

எட்டாம் நாள், அந்த மரத்தின் கடைசிப் பழத்துக் கொட்டை ஒன்றை அவள் தறித்த அடிக்குப் பக்கத்திலேயே ஊன்றினாள். அது முளைத்தபோது செம்பிலே தண்ணீர் கொண்டுபோய் ஊற்றிவிட்டு, "இது என்னைக் கொண்டுபோற அளவுக்கு வளரும்வரைக்கும் நான் சாகேலாது" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆழ்வாப்பிள்ளையரால் சிரிக்க முடியவில்லை.

அடுத்த ஆண்டு ஆமி தீவுக்குள் இறங்கியது. சனம் தட்டுமுட்டுச் சாமான்களோடு வள்ளங்களில் ஏறி யாழ்ப்பாணப் பக்கம் ஓடியது. குலசிங்கமும் போனார். நாகமுத்துவுக்குக் கால் இரண்டும் வாதத்தில் விழுந்து கதிரையும் கட்டிலுமாகக் கிடந்த நேரம். கரைவரைக்கும் தூக்கிப்போக ஆள் இல்லை. ஊரில் மிஞ்சியது ஒரு சில கிழடுகள். பக்கத்தில் இளையதம்பி என்ற சுருட்டுக்கொட்டில்காரர் மட்டும், "எனக்கு எங்கை போக?" என்று இருந்துவிட்டார்.

படலையடியில் சப்பாத்துச் சத்தம் கேட்டபோது ஆழ்வாப்பிள்ளையர் மனைவியைத் தூக்க முயன்றார். இதற்காகத்தானே வளர்த்தது! நாகமுத்து கதிரைக் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்கள் போங்கோ. அந்த மணத்துக்குள்ளை நான் இன்னொருக்கால் வரமாட்டன்."

அவர் போனார். அதுதான் உண்மை, போனார். சைப்பிரஸுக்குள் புகுந்து குந்தியிருந்து மூச்சைப் பிடித்துக்கொண்டார். கடற்பக்கமாக வந்த ஒரு சிப்பாய், கருகிய கிளைகளுக்கூடாக அவரை முழுசாகப் பார்த்துவிட்டு, வெளியே வா பெரியவர் என்று சிங்களத்தில் சொல்லிச் சிரித்தான். மலைநாட்டுக் குளிரில் அடர்ந்து வளர்கிற மரம் உப்புக்காற்றில் ஓட்டை வேலியாகத்தான் நிற்கும் என்பதை ஊர் முழுவதும் கண்டிருந்தது. அவர் ஒருவர்தான் காணவில்லை. வீட்டுக்குள் நாகமுத்து கதிரையில் நிமிர்ந்து இருந்தாள். அவளை ஒருவரும் ஒன்றும் செய்யவில்லை. அவருக்குத்தான் அவளுடைய முகத்தைப் பார்க்க முடியவில்லை.

பிறகு ஊரில் நல்ல மரம், பலகை எல்லாம் ஆமியின் காவலரண்களுக்குப் போயிற்று. பனைகளைத் தறித்து அடுக்கினார்கள். ஆளில்லாத வீடுகளின் கதவு, நிலை, வளை எல்லாம் போயின. தூர வளவுகளில் மாமரங்கள் நின்றன. அங்கே மிதிவெடி, கால் வைக்கேலாது. ஊர் நாய்கள் பசியில் ஓநாயாகிவிட்டன. அவசரத்தில் புதைத்த இரண்டு கிழவிகளை அவை தோண்டி இழுத்ததை இளையதம்பி கண்டுவந்து சொல்ல, கட்டிலில் கிடந்த நாகமுத்துவின் காதிலும் அது விழுந்துவிட்டது.

"என்னை மண்ணிலை தாழ்க்கவேண்டாம்," என்றாள் அன்று பின்னேரம். "நாய்க்குக் குடுக்கவேண்டாம்."

"இல்லை."

"அந்த மரத்திலையும் வைக்கவேண்டாம். சத்தியம் பண்ணுங்கோ."

அவர் அவளுடைய தலையில் கைவைத்துச் சத்தியம் பண்ணினார். வேறு என்ன செய்வார்? மாங்கன்று அப்போது அவருடைய இடுப்பளவுக்கு நின்றது.

தொண்ணூற்றிரண்டு ஆவணியில் ஒரு விடியற்காலை அவள் போய்விட்டாள். வாயில் ஊற்றிய தண்ணீர் உள்ளே இறங்காமல் கன்னத்தால் வழிந்தபோதுதான் அவருக்குத் தெரிந்தது. அழுவதற்குக்கூட அவகாசம் இல்லை. காவலரணுக்குப் போய்த் தனக்குத் தெரிந்த சிங்களத்தில் கெஞ்சினார். சுடலைக்குப் போகமுடியாது, வளவுக்குள் எதுவும் செய், வெளிச்சம் போவதற்குள் நெருப்பு நூர்ந்து அணைய வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள்.

இளையதம்பி கிணற்றடியில் நின்று சுற்றும்முற்றும் பார்த்தார். "அண்ணை, தாட்டிட்டு மேலை கல்லை அடுக்குவமே?"

"நாய்க்குக் குடுக்கமாட்டன் எண்டு சொன்னனான்."

"அப்ப விறகு?"

ஆழ்வாப்பிள்ளையர் கோடாலியை எடுத்துக்கொண்டு சைப்பிரஸ் வரிசைக்குப் போனார். இரண்டு சத்தியத்தில் ஒன்றைத்தான் காப்பாற்றலாம் என்றால் எதை என்று தெரிவு செய்யவேண்டிய நிலைமை எதிரிக்கும் வரக்கூடாது. வெட்டு விழ விழ அந்த மணம் வளவெல்லாம் பரவியது. இரண்டு கிழவர்களும் மாறி மாறித் தறித்தார்கள், இருந்திருந்து மூச்சு வாங்கினார்கள். வேலி முடிகிற மூலையில் ஒரேயொரு மரத்தை மட்டும் விட்டார்கள்.

பறை இல்லை, ஐயர் இல்லை, வெள்ளை விரிக்கக் கட்டாடி இல்லை. ஆழ்வாப்பிள்ளையர் தனக்குப் பாடமான தேவாரம் ஒன்றைச் சொல்லத் தொடங்கி இடையில் விட்டுவிட்டார். பிறகு போய் மாங்கன்றை வேரோடு பிடுங்கினார். மண்ணைத் தட்டி, கிணற்றுத் தண்ணீரில் வேரைக் கழுவி, அதை அவளுடைய நெஞ்சின்மேல் கிடத்தினார். குழந்தையைப் பக்கத்தில் படுக்கவைக்கிற மாதிரி இருந்தது.

"இதுதான் உம்முடைய மரம், நாகமுத்து," என்றார். "இவ்வளவுதான் வளந்தது."

பச்சை மரம் சீறியது, அழுதது, புகைத்தது, எரியவில்லை. தன் வீட்டு அலுமாரிச் சட்டத்தை உடைத்துப் போட்டார், கட்டிலை உடைத்துப் போட்டார், கடைசியில் அவள் இருந்த கதிரையையும் உடைத்துப் போட்டார். சோளகம் புகையை வீட்டுப் பக்கம் அள்ளிக்கொண்டு வந்தது. எந்த மணத்துக்குப் பயந்து அந்தப் பெண் ஒன்பது வருஷம் மூக்கைப் பொத்தினாளோ, அந்த மணத்துக்குள்ளேதான் அவளை வைத்தார். காவலரணிலிருந்து ஒருவன் வந்து, இன்னும் முடியவில்லையா என்று கேட்டுவிட்டுப் போனான். இரண்டாந்தரம் வந்தபோது அவனும் தொப்பியைக் கழற்றிக்கொண்டு சற்று நேரம் நின்றான்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிகிற காலம் கழிந்து, ஆழ்வாப்பிள்ளையர் மூலையில் நின்ற கடைசிச் சைப்பிரஸைத் தறிக்கத் தொடங்கினார். தினமும் கொஞ்சம் கொஞ்சமாக. தறித்ததைத் துண்டாக்கி, பிளந்து, வெயிலில் போட்டுப் புரட்டி, நாகமுத்துவின் கதிரை இருந்த இடத்தில் ஒழுங்காக அடுக்கினார்.

இளையதம்பிக்கு மனம் பொறுக்கவில்லை. "இது ஒண்டாவது நிக்கட்டுமே அண்ணை. நீங்கள் ஆசைப்பட்டு வைச்சதெல்லோ?"

"பச்சையா வைச்சால் கனநேரம் எடுக்குது, தம்பி," என்றார் ஆழ்வாப்பிள்ளையர். கையிலிருந்த துண்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு, நன்றாகக் காய்ந்த பக்கத்தை மேலே வைத்தார். "உமக்கும் வயது போட்டுது. என்னை வைக்கேக்கை நீர் ஆறுதலா நிண்டு ஊதிக்கொண்டிருக்க ஏலாது."