குலவை போட்ட சிவப்புக் கோடு

நான் எடிட் பண்ணி அனுப்பின கல்யாண வீடியோவைப் பாத்துட்டு, மாப்பிள்ளையோட அத்தை இன்னைக்குக் குர்லாவுலேர்ந்து பஸ் புடிச்சு தாராவியில என் கடைக்கே வந்துட்டாங்க.

"தாலி கட்டும்போது நான் போட்ட குலவைய ஏம்ல கொசு சத்தமாக்கி வச்சிருக்க?"

ஸ்கிரீன்ல ஆடியோ மீட்டரைக் காட்டினேன். "அத்தே, இந்தக் கோடு சிவப்புக்குப் போனா சத்தம் கிழிஞ்சிரும். நீங்க வாயத் தொறந்ததுமே சிவப்பு. அதான் கொறச்சேன்."

திட்டுவாங்கன்னு நெனச்சேன். கண்ணாடியைப் போட்டுக்கிட்டுக் கிட்ட வந்தாங்க.

"பொண்ணோட சித்தியும் குலவை போட்டாளே, அவ எதுவரைக்கும் போனா?"

ஓட்டிக் காட்டினேன். கோடு மஞ்சளைத் தாண்டிச் சிவப்புக்குப் போகல.

அத்தை முந்தானையைச் செருகிக்கிட்டு நிமிந்தாங்க. "சத்தத்த எம்புட்டு வேணாலும் கொறச்சுக்கோ. இந்தக் கோடு மட்டும் வீடியோவுல தெரியணும், பாத்துக்க."

தாலியை மறைக்காம மீட்டரை எந்த மூலையில வைக்கிறதுன்னு யாராவது சொல்லுங்களேன்.