வாயிலேயே விளைந்த வேர்க்கடலை

என் அப்பாவைப் பெற்ற ஆயா போய்க்கொண்டிருக்கிறாள் என்று முதல்முறை போன் வந்தபோது நான் திருப்பதியில் தோசைக்கு மாவு அரைத்துக்கொண்டிருந்தேன். மாவை கிரைண்டரிலேயே விட்டுவிட்டு, என் வீட்டுக்காரரை இழுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். நகரிக்குப் பக்கத்தில் மலையடிவாரத்தில் இருக்கிறது எங்கள் ஊர். நாங்கள் போய்ச் சேர்வதற்குள் ஆயாவின் மகளான அத்தை சுற்று வட்டாரத்துக்கெல்லாம் சேதி சொல்லி, பந்தலுக்கு ஆள்கூடப் பார்த்து வைத்திருந்தாள். எதிலும் முந்திக்கொள்கிற குடும்பம் எங்களுடையது.

ஆயாவுக்கு அப்போது தொண்ணூறு இருக்கலாம். வயதைக் கேட்டால் "உங்க தாத்தாவுக்கு நான் சின்னவ" என்பாள், அதோடு கணக்கு முடிந்துவிட்ட மாதிரி. ஆடியில் விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டதிலிருந்து கட்டிலோடுதான் கிடந்தாள். ஐப்பசி மழை பிடித்ததும் சாப்பாடு இறங்கவில்லை. அந்த போனுக்கு முன்பே திருப்பதிக்குத் தூக்கிக்கொண்டு வந்து காட்டியிருந்தோம். வயசாகிவிட்டது, வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார் டாக்டர். அதற்குப் பிறகு அவள் கண்ணே திறக்கவில்லை. ஆனால் மூச்சு மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது.

வந்தவர்கள் எல்லோரும் ஆளுக்கொரு உத்தரணி பால் ஊற்றிப் பார்த்தார்கள். உயிர் பிரியவில்லை. அப்போது ஊர்க் கிழவி ஒருத்தி, "மண்ணு மேல ஆசடி அவளுக்கு. அவ நெலத்து மண்ண கரைச்சி ஊத்துங்க, நிம்மதியா போய்டுவா" என்றாள். இழுத்துக்கொண்டு கிடப்பவர்களுக்கு அப்படிச் செய்வது எங்கள் பக்கத்து வழக்கம்தான். ஆயாவுக்குப் பொருத்தமாகவும் இருந்தது. பாதி ஆயுசு வரைக்கும் ஊரார் கழனியில் நாற்று நட்டு, களை எடுத்து, கூலிக்குக் குனிந்தவள் அவள். தலை நரைக்க ஆரம்பித்த பிறகுதான் அரசாங்கம் மலையோரமாக ஒரு துண்டு நிலம் கொடுத்தது. நிலம் என்று அதைச் சொன்னதே பெரிய மனசு, அத்தனையும் சரளைக்கல். ஆயா பொறுக்கிப் போட்ட கல்லில் ஒரு வீடே கட்டலாம். அப்படி ஆக்கிய நிலத்தில்தான் வருஷா வருஷம் வேர்க்கடலை போட்டாள்.

மண் எடுத்துவரச் சித்தப்பா போனார். என் நைனாவுக்குத் தம்பி. நைனா போன பிறகு ஆயாவையும் நிலத்தையும் பார்த்துக்கொண்டவர் அவர்தான். தூறலில் நனைந்துகொண்டே போனவர் சீக்கிரமே ஒரு பிடி மண்ணோடு வந்துவிட்டார். அத்தை ஒரு சிட்டிகை கிள்ளித் தண்ணீரில் கரைத்தாள். அழுதுகொண்டே ஆயாவின் வாயில் விட்டாள். எல்லோரும் கும்பிட்டபடி நின்றோம்.

ஆயாவின் நாக்கு அசைந்தது. வாய் மெல்லுவது போல ஒரு சுற்று சுற்றியது. பிறகு தூ என்று துப்பினாள்.

"எவன்டா இந்த மண்ண எட்தாந்தது?"

அத்தை கையிலிருந்த டம்ளர் கீழே விழுந்தது. "அம்மம்மா லேச்சிந்தி!", பாட்டி எழுந்துவிட்டாள் என்று என் வீட்டுக்காரர் தெலுங்கில் கத்திக்கொண்டே வாசலுக்கு ஓடினார். பேய் என்று நினைத்துவிட்டார். அதை இன்றுவரை அவர் ஒத்துக்கொள்வதில்லை.

"இது நம்ப மண்ணு இல்லடா. வழவழன்னு கீது, ஏரி வண்டலு. நம்ப மண்ணு வாயில வெச்சா நறநறங்கும்" என்றாள் ஆயா. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தாலும் அதிலிருந்த கோபம் பழைய கோபம்தான். வண்டல் அடித்த நிலம் பக்கத்துக் கழனிக்காரருடையது என்பது ஊருக்கே தெரியும். "அவங்க கழனில நான் கூலிக்குக் குனிஞ்சது பத்தாதா? சாவறப்பவும் அவங்க மண்ணா? நம்ப நெலத்துக்கு இன்னாடா ஆச்சி?"

சித்தப்பா சுவரைப் பார்த்தார். அங்கே அவருக்கு உதவ யாரும் இல்லை. "உள்ள போவ முடியலமா. முள்ளு ஆளு ஒசரம் நிக்கிது" என்று கடைசியில் முனகினார்.

அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. இரண்டு வருஷம் காட்டுப்பன்றி நிலத்தைக் கிளறித் தின்றதில் சித்தப்பா மனசு விட்டுப்போய், பவர்லூம் ஷெட்டுக்கு வேலைக்குப் போக ஆரம்பித்திருந்தார். அந்த வருஷம் விதையே போடவில்லை. ஆனால் கட்டிலில் கிடக்கிற அம்மா சாயங்காலம் தவறாமல், "செடி எப்படிக் கீது?" என்று கேட்பாள். அவரும் சளைக்காமல் சொல்லிக்கொண்டே வந்திருக்கிறார். முளைத்தாயிற்று, மூணு இலை விட்டாயிற்று, பூ வைத்தாயிற்று, விழுது இறங்குகிறது என்று வாயிலேயே ஒரு போகம் விளைந்துகொண்டிருந்தது. நடுவில் அலுத்துப்போய்க் கம்பளிப்பூச்சி வேறு விட்டிருக்கிறார். ஆயா பதறிப்போய் மருந்து சொல்ல, மறுநாள் அதையும் அடித்துவிட்டதாகச் சொன்னாராம். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. இவ்வளவு சிரத்தையாக நிஜமாகவே விவசாயம் பார்த்திருந்தால் பன்றி என்ன செய்திருக்கும்?

"சொன்னா செத்துப்புடுவியோன்னு பயந்தேம்மா" என்றார் சித்தப்பா.

"சொல்லாமயும் செத்துக்கினுதானடா இருந்தேன்" என்றாள் ஆயா.

ஆயாவின் கண்ணோரம் தண்ணீர் வழிந்தது. அவள் திட்டிப் பார்த்திருக்கிறேன், அழுது அன்றைக்குத்தான் பார்த்தேன். எனக்குச் சிரிப்பு போன இடம் தெரியவில்லை. அந்த நிலம் மறுபடியும் கரம்பாகிவிட்டால் அவள் வாழ்ந்த பாதி ஆயுசே இல்லாமல் போன மாதிரி. பிறகு அவளே கேட்டாள்: "களி கீதா?"

அத்தை அழுகையும் ஓட்டமுமாக அடுப்படிக்குப் போனாள். ஆயா இரண்டு வாய் விழுங்கிவிட்டு, "முள்ள வெட்டி ஏரு ஓட்டு. விதை உள்ள போறதப் பாக்காம நான் போவ மாட்டேன். பந்தக்காரன வேற வேல பாக்கச் சொல்லு" என்றாள்.

கார்த்திகையில் மழை ஓய்ந்ததும் முள்ளை வெட்டி, டிராக்டர் விட்டு உழுதோம். விதைக்கிற அன்று ஷேர் ஆட்டோவில் தலையணை அடுக்கி ஆயாவைக் கொண்டுபோய் வரப்போரம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்தோம். நாங்கள் மாட்டு ஏருக்குப் பின்னால் சாலில் விதை போட்டுக்கொண்டே போக, அவள் அங்கிருந்தபடியே எல்லோர் மானத்தையும் வாங்கினாள். "கோழிக்குத் தீனி போடறியாடி? கிட்டக் கிட்டப் போடாத!" இது எனக்கு. என் வீட்டுக்காரரைத் தமிழில் திட்ட, அவர் தெலுங்கில் "சரே அம்மம்மா, சரே" என்று தலையாட்டிக்கொண்டே தப்பாகப் போட்டார். பன்றிக்குப் பயம் காட்ட நிலத்தைச் சுற்றிப் பழைய புடவைகளை வேலியாகக் கட்டினோம். என் நிச்சயதார்த்தப் புடவையும் அங்கேதான் போனது. தூரத்திலிருந்து பார்த்தால் யார் வீட்டுக் கல்யாணமோ என்று தோன்றும்.

மாசி முடிந்து செடியைப் பிடுங்கினபோது ஆயா கட்டிலில் எழுந்து உட்கார்ந்து அவித்த கடலை தின்றாள். பல் இல்லாத வாயில் அது எப்படி அரைபட்டதோ தெரியாது. அதற்குப் பிறகும் சில வருஷம் இருந்தாள். சித்தப்பா ஷெட்டுக்கும் போனார், நிலத்தையும் விடவில்லை. ஆயா மட்டும் அவர் பேச்சை மறுபடி நம்பவே இல்லை. தெருவில் போகிற ஆளைக் கூப்பிட்டு, "எம்புள்ள சொல்றது நெஜமா?" என்று சாட்சி கேட்பாள்.

கடைசி போன் ஓர் ஆடி மாதக் காலையில் வந்தது. தூக்கத்திலேயே போய்விட்டிருந்தாள். முந்தின நாள்தான் நல்ல மழை. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது உறவெல்லாம் கூடியிருந்தது, சித்தப்பாவை மட்டும் காணவில்லை. காலையில் அம்மாவின் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, உரித்து வைத்திருந்த விதையைத் தூக்கிக்கொண்டு நிலத்துக்குப் போனவராம். தீட்டு வீட்டுக்காரன் விதை போடலாமா என்று ஆளாளுக்குக் கிசுகிசுத்தார்கள். அத்தை கொதித்துக்கொண்டிருந்தாள். எனக்கும் உள்ளுக்குள் கோபம்தான்.

சாயங்காலம் முழங்கால் வரைக்கும் சேறோடு வந்தார். "பெத்தவ பொணமா கெடக்கறா, உனக்கு நெலம் பெருசா போச்சாடா?" என்று அத்தை அடிக்கவே போனாள்.

சித்தப்பா அவளைத் தாண்டிப் போனார். ஆயாவின் தலைமாட்டில் குனிந்து, அவள் காதுக்கு எப்போதும் பேசுகிற அதே உரத்த குரலில், தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னார்:

"ஈரம் போறதுக்குள்ள முழுசா போட்டாச்சிமா. பொய் இல்ல. வேணும்னா எழுந்து இவங்களக் கேளு."

அத்தைதான் முதலில் சிரித்தாள். அதற்குப் பிறகுதான் நாங்கள் அழவே ஆரம்பித்தோம்.